மேடைக்கு அகூஸ்டிக் கிட்டார்: பிக்கப்ல இருந்து ஸ்பீக்கர் வரைக்கும் எதை எந்த வரிசையில வாங்கணும்

"எந்த ஆம்ப் வாங்கலாம்?" புதுசா மேடையேறப் போற எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான், ஆனா இது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. கிட்டார்ல இருந்து சத்தம் வெளிய வர்ற வழியில முதல்ல கிட்டாரோட அதிர்வை மின்சார சிக்னலா மாத்துற பிக்கப், அடுத்து அந்த சிக்னலைப் பலப்படுத்தித் தயார் பண்ற ப்ரீஆம்ப், அதுக்கு அப்புறம்தான் ஸ்பீக்கர். முதல் ரெண்டு இடத்துல கெட்டுப்போன டோனை எவ்வளவு நல்ல ஆம்ப் வாங்கினாலும் அது சரி பண்ணாது, இன்னும் பெருசாக்கித்தான் காட்டும். அதனால நான் கிட்டார் பக்கத்துல ஆரம்பிச்சு ஸ்பீக்கர் பக்கமா போறேன், நீங்களும் காசை அதே வரிசையில எடுத்து வைங்க.

1. முதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வைக்க வேண்டியது

கடைக்குப் போனா அங்க இருக்குறதுல எது பளபளன்னு இருக்கோ அதுமேலதான் கண்ணு போகும், அதனால போறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் எழுதிடுங்க.

நீங்க தனியா வாசிக்கிறீங்களா, கூட ட்ரம்ஸ் பேஸ் எல்லாம் இருக்கா? தனியா வாசிச்சா கிட்டாரோட அடி சத்தம் முழுசா வேணும், பேண்ட்ல வாசிச்சா அதே அடி சத்தம் பேஸ் கிட்டாரோட மோதி எல்லாத்தையும் குழப்பிடும். வாங்குற பொருளே இதனால மாறும்.

பாடுவீங்களா? பாடினா மைக்குக்கும் ஒரு சேனல் வேணும். நீங்க போற இடத்துல சவுண்ட் சிஸ்டமும் அதை ஓட்ட ஒரு ஆளும் இருக்குமா, இல்ல எல்லாத்தையும் நீங்களே தூக்கிட்டுப் போகணுமா? கம்பி ஸ்டீலா நைலானா? பிக்கிங்கா, போட்டு அடிக்கிற ஸ்ட்ரம்மிங்கா? கிட்டார் பாடியில தட்டி தாளம் போடுவீங்களா?

கடைசியா ஒண்ணு, அடுத்த ஆறு மாசத்துல நிஜமா எந்த மாதிரி இடத்துல வாசிக்கப் போறீங்கன்னு எழுதுங்க, கனவுல இருக்குற பெரிய மேடையை எழுத வேணாம். முப்பது பேர் உக்காந்து கேக்குற ரூமுக்கு வாசிக்கிறவர் திறந்தவெளி கச்சேரிக்கான சிஸ்டம் வாங்கி, அதைத் தூக்க முடியாமலே வீட்டுல போட்டு வச்சிருக்குறதை நிறைய பாத்தாச்சு.

2. கிட்டார்ல ஏற்கனவே என்ன இருக்குன்னு பாருங்க

பக்கவாட்டுல நாப், ஸ்லைடர், ட்யூனர் ஸ்க்ரீன் இதெல்லாம் இருந்தா உள்ள ப்ரீஆம்ப் இருக்குன்னு அர்த்தம், அதாவது ஆக்டிவ் சிஸ்டம். வெளிய ஒண்ணும் தெரியலன்னா சவுண்ட்ஹோல் விளிம்புக்கு உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்க, சில மாடல்ல வால்யூம் சக்கரத்தை அங்க ஒட்டி வச்சிருப்பாங்க. உள்ள 9 வோல்ட் பேட்டரி இருந்தா அதுவும் ஆக்டிவ்தான். ஜாக் மட்டும் இருந்து பேட்டரி எங்கேயும் இல்லன்னா பாசிவ்.

இதை ஏன் முதல்லயே தெரிஞ்சுக்கணும்னா, நாலாவது படியில என்ன வாங்கணும்ங்கிறதே இதை வச்சுத்தான் முடிவாகும். ஆக்டிவ் கிட்டார்னா எந்த டிஐ பாக்ஸ்லயும் (கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவுல வைக்கிற பெட்டி) பெரும்பாலும் ஒழுங்கா வேலை செய்யும், பாசிவ் பியஸோ (அழுத்தத்தை மின்சாரமா மாத்துற பிக்கப்) அப்படி இல்ல.

பேட்டரி விஷயத்துல எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்ல கேபிளை ஜாக்ல சொருகினாலே ப்ரீஆம்ப் ஆன் ஆயிடும், தனியா ஸ்விட்ச் கிடையாது. ராத்திரி முழுக்க கேபிள் சொருகியே கிடந்தா பேட்டரி இறங்கிட்டே இருக்கும். இறங்கின பேட்டரி உடனே சாகாது, முதல்ல பலமா அடிக்கும்போது மட்டும் சத்தம் பிசிறடிக்கும், அதைக் கேட்டுட்டு ஆம்ப் போச்சுன்னு நினைச்சு ஆம்பைத் தூக்கிட்டு ரிப்பேருக்குப் போறவங்க உண்டு. டோன் திடீர்னு கெட்டா முதல்ல புது பேட்டரி போட்டுப் பாருங்க.

3. பிக்கப்: டோன்ல பாதி இங்கேயே முடிவாயிடும்

நாலு வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம். எது பெஸ்ட்னு கேட்டா பதில் இல்ல, முதல் படியில நீங்க எழுதின பேப்பரைப் பாத்துத்தான் சொல்ல முடியும்.

சேடிலுக்கு (பிரிட்ஜ்ல கம்பிகள் உக்கார்ற சின்ன பட்டை) அடியில வைக்கிற பியஸோதான் கடையில வாங்குற எலக்ட்ரோ அகூஸ்டிக்ல பெரும்பாலும் இருக்கும். கம்பியோட அழுத்தத்தை நேரா பிடிக்கிறதால சத்தம் கூர்மையா, பேண்டுக்கு நடுவுல கூட தெளிவா வெட்டிட்டு வரும், ஃபீட்பேக்கும் (ஸ்பீக்கர் சத்தம் திரும்ப கிட்டாருக்குள்ள வந்து ஊளையிடுறது) ஓரளவுக்குத்தான். குறை என்னன்னா பலமா ஸ்ட்ரம் பண்ணும்போது வாத்து கத்துற மாதிரி ஒரு பிளாஸ்டிக் சத்தம் வரும், கிட்டார்காரங்க குவாக்னு சொல்றது இதைத்தான். அப்புறம் சேடிலோட அடிப்பக்கம் சமமா உக்காரலன்னா ஒரு கம்பி மட்டும் கம்மியா கேக்கும், இதுக்கு ஈக்யூவை (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கிற நாப்கள்) திருகிப் பிரயோஜனம் இல்ல, லூத்தியர்கிட்ட (கிட்டார் செய்யுற, பழுது பாக்குறவர்) காட்டி சேடிலை சமமா தேய்க்கச் சொல்லணும்.

சவுண்ட்ஹோல்ல மாட்டுற மேக்னெட்டிக் பிக்கப் எலக்ட்ரிக் கிட்டார்ல இருக்குற அதே தத்துவம். ஸ்டீல் கம்பியோட அசைவைத்தான் படிக்கும், பாடியோட அதிர்வை ரொம்ப கம்மியாத்தான் எடுக்கும், அதனால சத்தமான மேடைக்கு இதுதான் நிம்மதி. கழட்டி மாட்டலாம், கிட்டாரை வெட்ட வேண்டியதில்ல. நைலான் கம்பில வேலையே செய்யாது, இதைத் தெரியாம ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. இன்னொரு விஷயம், தடிச்ச கம்பிகள் மேல சுத்தியிருக்குற வெண்கலத்தை காந்தம் கண்டுக்காது, உள்ள இருக்குற ஸ்டீலை மட்டும்தான் படிக்கும், அதனால ஒண்ணாவது ரெண்டாவது கம்பி மத்ததை விட தூக்கலா கேக்கும். திருகி உயரம் மாத்துற மாதிரி போல்பீஸ் (ஒவ்வொரு கம்பிக்கும் கீழ இருக்குற குட்டி உலோகத் துண்டு) இருக்குற மாடலா பாத்து வாங்கினா இதைச் சமாளிக்கலாம்.

பிரிட்ஜுக்கு நேர் கீழ, பாடிக்கு உள்பக்கம் ஒட்டுற டிரான்ஸ்டியூசர் மூணாவது. கே அண்ட் கே ப்யூர் மினி இந்த வகையில பரவலா தெரிஞ்ச பேர், மூணு சின்ன வட்டத்தை பிரிட்ஜ் பிளேட்ல ஒட்டுவாங்க, பேட்டரி கிடையாது. மரத்தோட சத்தம் வேணும்னா, விரல்ல தட்டி வாசிக்கிறவங்களா இருந்தா, இதைத்தான் சொல்லுவேன். ஆனா மரத்தோட அதிர்வை எடுக்குறதால ஸ்பீக்கர்ல இருந்து திரும்பி வந்து மரத்தை ஆட்டுற சத்தத்தையும் சேத்து எடுக்கும், அதாவது ஃபீட்பேக் சீக்கிரம் வரும். ட்ரம்ஸ் பக்கத்துல இதை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டாதீங்க.

நாலாவது மைக். கிட்டாருக்குள்ள குட்டி மைக் வச்சு அதை பியஸோவோட கலந்து தர்ற சிஸ்டம் இருக்கு, எல்.ஆர்.பேக்ஸ் ஆந்தெம் அந்த மாதிரிதான், தனியா வாசிக்கிறவங்களுக்கு ரொம்ப பொருந்தும். வெளிய ஸ்டாண்ட் போட்டு கண்டென்சர் மைக் வைக்கிறது, 12வது ஃப்ரெட் பக்கமா பாத்து 20, 30 சென்டிமீட்டர் தள்ளி, டோனுக்கு இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ஆள் அசையாம வாசிக்கணும், ரூமும் அமைதியா இருக்கணும், மானிட்டர் ஸ்பீக்கர் (மேடையில வாசிக்கிறவருக்குக் கேக்குறதுக்காக வைக்கிறது) சத்தமா இருந்தா அன்னைக்கு ஊளைதான்.

ஏற்கனவே பியஸோ இருக்குற கிட்டார் வச்சிருக்குறவங்க உடனே பிக்கப்பை மாத்தணும்னு அவசரப்பட வேணாம். அடுத்த படியை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, பாதிப் பேருக்கு அங்கேயே பிரச்சினை தீந்துடும்.

4. ப்ரீஆம்பும் டிஐ பாக்ஸும்: எல்லாரும் தாண்டிப் போற படி

அடிக்கடி நடக்குறது இது. பாசிவ் பியஸோ வச்ச கிட்டாரை நேரா மிக்ஸரோட லைன் ஜாக்ல சொருகுவாங்க. சத்தம் டப்பா ரேடியோ மாதிரி மெலிசா வரும். உடனே பேஸ் நாபை முழுசா ஏத்துவாங்க, கொஞ்சம் தடிமனா வந்த மாதிரி இருக்கும், அந்த நிமிஷமே மானிட்டர் "ஹூம்ம்"னு ஆரம்பிச்சு ஊளையிடும், பேஸை இறக்கினா திரும்பவும் டப்பா. அரைமணி நேரம் இப்படியே போயிட்டு கடைசில பிக்கப் சரியில்லன்னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. இதுல பிக்கப் மேல தப்பே இல்ல, அது சொருகின ஓட்டைதான் தப்பு.

காரணம் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது அந்த இன்புட் சிக்னலுக்குக் காட்டுற எதிர்ப்பு, ஓம்ல அளப்பாங்க. பியஸோங்கிறது மின்சாரக் கணக்குல ஒரு சின்ன கப்பாசிட்டர். அதை எந்த இன்புட்ல சொருகுறீங்களோ அதோட சேந்து அடி சத்தத்தை வெட்டி மேல் சத்தத்தை மட்டும் விடுற ஒரு ஹைபாஸ் ஃபில்டர் தானா உருவாயிடும், அந்த இன்புட்டோட ஓம் அளவு குறைய குறைய அடி சத்தம் அதிகமா வெட்டுப்படும். பிக்கப்போட கப்பாசிட்டன்ஸ் 1 நானோஃபாரட்னு வச்சுக்குங்க. 10 கிலோஓம் லைன் இன்புட்ல சொருகினா சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற எல்லாமே சரிய ஆரம்பிச்சிடும். 1 மெகாஓம்னா அந்த எல்லை சுமார் 160 ஹெர்ட்ஸ், 10 மெகாஓம்னா சுமார் 16 ஹெர்ட்ஸ். கிட்டாரோட தடிச்ச ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். இப்ப யோசிச்சுப் பாருங்க, எந்த பாக்ஸ் வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

வாங்குற விதி சிம்பிள்தான். சேடில் பியஸோ, பாசிவ்னா 10 மெகாஓம் இன்புட் இருக்குற ப்ரீஆம்ப் டிஐ பாருங்க, எல்.ஆர்.பேக்ஸ் பாரா டிஐயும் ரேடியலோட பீஇசட்-டிஐயும் இந்த வேலைக்குன்னே செஞ்சது. மரத்துல ஒட்டுற டிரான்ஸ்டியூசர்ல மூணு துண்டும் பேரலல்ல சேர்றதால கப்பாசிட்டன்ஸ் கூட, அதுக்கு 1 மெகாஓம் போதும். மேக்னெட்டிக்குக்கும் 1 மெகாஓம் தாராளம். உள்ளயே ப்ரீஆம்ப் இருக்குற ஆக்டிவ் கிட்டார்னா சாதாரண பாசிவ் டிஐயே போதும், அங்க போய் பெரிய காசு கொட்டாதீங்க.

டிஐ பாக்ஸோட இன்னொரு வேலை, கிட்டார் கேபிள்ல வர்ற சிக்னலை பேலன்ஸ்டா, அதாவது வழியில இரைச்சல் ஏறாத விதமா, மாத்தி எக்ஸ்எல்ஆர்ல (மைக்குக்குப் போடுற மூணு பின் கேபிள்) அனுப்புறது. சாதாரண கிட்டார் கேபிள் 6 மீட்டர் தாண்டினா இரைச்சல் பிடிக்க ஆரம்பிக்கும், டோனும் மங்கும், எக்ஸ்எல்ஆர்னா மேடையில இருந்து மிக்ஸர் எவ்வளவு தூரம் இருந்தாலும் கவலை இல்ல.

எது ஆக்டிவ் எது பாசிவ்னு குழப்பிக்கிறவங்க நிறைய, அதனால ஒரு வரி. ஆக்டிவ் டிஐக்கு கரண்ட் வேணும், பேட்டரியாவோ மிக்ஸர்ல இருந்து வர்ற 48 வோல்ட் ஃபேண்டமாவோ. ரேடியல் ஜே48 மாதிரி ஃபேண்டம்ல மட்டும் ஓடுற பாக்ஸ் வாங்கினா, போற இடத்து மிக்ஸர்ல அந்த ஸ்விட்ச் இருக்கான்னு முன்னாடியே கேட்டுடுங்க. இல்லன்னா பாக்ஸ் வெறும் பேப்பர் வெயிட்தான்.

கூட என்னென்ன வசதி இருக்கணும்? கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் (ஹம்னு இரைச்சல் வந்தா சிக்னல் கேபிளோட எர்த் இணைப்பைத் துண்டிக்கிறது) கட்டாயம். நாட்ச் ஃபில்டரும் ஃபேஸ் ஸ்விட்சும் இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னு எட்டாவது படியில சொல்றேன். கால்ல மிதிக்கிற மியூட் இருந்தா கம்பி ட்யூன் பண்ணும்போது ஊருக்கே கேக்காது. கம்ப்ரஸர் கோரஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

பியஸோவோட பிளாஸ்டிக் சத்தம் ரொம்ப உறுத்துதுன்னா மைக் முன்னாடி வாசிச்ச மாதிரி ஆக்குற பெடல்கள் இருக்கு, ஃபிஷ்மேன் ஆரா, எல்.ஆர்.பேக்ஸ் வாய்ஸ்பிரிண்ட், டோன்டெக்ஸ்டர் எல்லாம் அந்த வேலைதான் பண்ணுது. நல்லாவே பண்ணுது. ஆனா முதல் நாள் வாங்க வேண்டிய பொருள் இல்ல, நாலஞ்சு மேடை ஏறி என்ன குறையுதுன்னு தெரிஞ்ச அப்புறம் பாருங்க.

5. ஆம்பா, பிஏவா, எதுவுமே வேணாமா?

எதுவுமே வேணாம்ங்கிறதும் ஒரு பதில்தான். போற இடமெல்லாம் சவுண்ட் சிஸ்டம் இருந்தா, நல்ல ப்ரீஆம்ப் டிஐ ஒண்ணு, கேபிள் ரெண்டு, அவ்வளவுதான் உங்க மொத்த மூட்டையும். மீதி காசை பிக்கப்ல போடுங்க.

சின்ன ரூம், நீங்களும் கிட்டாரும் குரலும் மட்டும்னா அகூஸ்டிக் ஆம்ப் சரியா இருக்கும். ஃபிஷ்மேன் லவுட்பாக்ஸ் மினி 60 வாட்ஸ், அடி சத்தத்துக்கு 6.5 இஞ்ச் வூஃபர், மேல் சத்தத்துக்கு 1 இஞ்ச் ட்வீட்டர். ஏஇஆர் காம்பாக்ட் 60யும் 60 வாட்ஸ்தான், 8 இஞ்ச் ஸ்பீக்கர் ஒண்ணு. ரெண்டையும் ஒரு கையில தூக்கிடலாம், ஒரு ஆம்ப் எந்த அளவுல இருந்தா தினமும் எடுத்துட்டுப் போவோம்ங்கிறதுக்கு இது நல்ல அளவுகோல். தெருவுல வாசிக்கிறவங்க பேட்டரில ஓடுற ரோலண்ட் ஏசி-33 மாதிரி பாக்கலாம், அது 8 ஏஏ பேட்டரில ஓடும்.

கேக்குறவங்க எண்ணிக்கை கூடுது, இல்ல ரெண்டு மூணு பேர் பாடுறாங்கன்னா ஆம்பை விட சின்ன பிஏ, அதாவது பவர்டு ஸ்பீக்கரும் சின்ன மிக்ஸரும், இல்லன்னா நெட்டுக்குத்தா நிக்கிற காலம் ஸ்பீக்கர் நல்லது. ஸ்டாண்ட்ல ஏத்தி காது மட்டத்துக்கு மேல வைக்கிறதால பின்னாடி உக்காந்திருக்குறவருக்கும் கேக்கும். தரையில வச்ச ஆம்ப் முதல் வரிசைக்காரங்க முழங்காலுக்குத்தான் பாட்டு பாடும்.

வீட்டுல எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் இருக்கே, அதுலயே சொருகிக்கலாமான்னு கேப்பீங்க. ஆபத்து ஒண்ணும் இல்ல, ஆனா அந்த ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல செங்குத்தா விழுந்துடும், ட்வீட்டரும் கிடையாது, அகூஸ்டிக்கோட மினுமினுப்பு எல்லாம் அதுக்கு மேலதான் இருக்கு. போர்வைக்குள்ள வாசிச்ச மாதிரி கேக்கும்.

6. வாட்ஸ் கணக்குல ஏமாறாம இருக்க

60 வாட்ஸை விட 120 வாட்ஸ் ரெண்டு மடங்கு சத்தம்னு நினைச்சா அது தப்பு. பவர் ரெண்டு மடங்கானா கூடுறது 3 டெசிபல்தான், கூடியிருக்குன்னு தெரியும், அவ்வளவுதான். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா சுமார் 10 டெசிபல் வேணும், அதுக்கு பவர் பத்து மடங்கு.

அதனால வாட்ஸ் நம்பரை விட்டுட்டு ஸ்பெக் ஷீட்ல மேக்ஸிமம் எஸ்பிஎல்னு, அதாவது அது தர முடிஞ்ச அதிகபட்ச சத்தத்தை, டெசிபல்ல போட்டிருக்குறதைத் தேடுங்க, அதை வச்சு ரெண்டு ஸ்பீக்கரை ஒப்பிடுறது நியாயம். சென்சிடிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தருதுங்கிற அளவு) 6 டெசிபல் கூட இருக்குற ஸ்பீக்கர் நாலுல ஒரு பங்கு பவர்லயே அதே சத்தத்தைத் தந்துடும். பெட்டி மேல கொட்டை எழுத்துல போட்டிருக்குற 1000 வாட்ஸ் பெரும்பாலும் பீக், தொடர்ந்து தர்ற பவர் அதை விட ரொம்ப கம்மி.

திறந்தவெளின்னா தூரம் ரெண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபல் போயிடும், சுவர்ல பட்டு திரும்பி வர்ற உதவியும் கிடையாது. ரூம்ல தாராளமா இருந்த ஆம்ப் வெளிய வச்சா காணாமப் போறது இதனாலதான். வெளிய அடிக்கடி வாசிப்பீங்கன்னா ஆம்ப் யோசனையை விட்டுட்டு நேரா பிஏ பாருங்க.

7. ஆம்போட பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க

முன்னாடி இருக்குற நாப்களை விட பின்னாடி இருக்குற ஓட்டைகள்தான் ஆம்போட ஆயுசைத் தீர்மானிக்கும். டிஐ அவுட் எக்ஸ்எல்ஆர்ல கட்டாயம் இருக்கணும், ஏன்னா இன்னைக்கு சின்ன ரூம்ல வாசிக்கிற அதே ஆம்ப் நாளைக்கு பெரிய ஹால்ல உங்க மானிட்டரா மாறி, அந்த அவுட்ல இருந்து ஹால் சிஸ்டத்துக்கு சிக்னல் போகணும்.

அந்த அவுட்டுக்குப் பக்கத்துல ப்ரீ, போஸ்ட்னு ஸ்விட்ச் இருந்தா இன்னும் நல்லது. ப்ரீல வச்சா உங்க ஈக்யூ மாத்தம் வெளிய போகாது, மேடையில உங்களுக்குப் பிடிச்ச மாதிரி திருகிக்கலாம், வெளிய மிக்ஸர்ல இருக்குறவரை அது பாதிக்காது.

பாடுறவங்க ரெண்டாவது சேனல்ல எக்ஸ்எல்ஆர் இன்புட் இருக்கா, ரெண்டு சேனலுக்கும் தனித்தனி ஈக்யூ, ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) இருக்கான்னு பாருங்க. ஒரே ரிவெர்ப் நாப் ரெண்டுக்கும் சேந்து இருந்தா குரலுக்கு சரியா வச்சா கிட்டார் குளத்துக்குள்ள போயிடும். கண்டென்சர் மைக் யோசனை இருந்தா 48 வோல்ட் ஃபேண்டம் தேவை, சின்ன ஆம்ப்ல நிறைய மாடல்ல இது இருக்காது. ப்ளூடூத் இருந்தா சந்தோஷம், இல்லன்னா ஒண்ணும் குறைஞ்சிடாது.

8. ஃபீட்பேக்: வாங்கும்போதே யோசிக்க வேண்டிய எதிரி

எலக்ட்ரிக் கிட்டாருக்கும் அகூஸ்டிக்குக்கும் மேடையில பெரிய வித்தியாசம் என்னன்னா, அகூஸ்டிக் ஒரு காலிப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ள இருக்குற காத்துக்கு ஒரு சொந்த சுருதி உண்டு, பெரிய பாடி கிட்டார்ல அது சுமார் 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கும். ஆறாவது கம்பியில மூணாவது ஃப்ரெட் ஜி 98 ஹெர்ட்ஸ், அஞ்சாவது கம்பி ஓபன் ஏ 110 ஹெர்ட்ஸ், பாத்திருப்பீங்க, ஊளை எப்பவும் இந்த ஏரியாவுல ஒரு சுரத்துலதான் கிளம்பும். பலகைக்கும் தனியா ஒரு சுருதி இருக்கு, அது சுமார் 200 ஹெர்ட்ஸ் பக்கம்.

முதல் வைத்தியம் சவுண்ட்ஹோலை மூடுற ரப்பர் மூடி. விலை கம்மி, பலன் உடனே தெரியும், கிட்டார் வெளிய கேக்குற சத்தம் குறையும், ஆனா பிக்கப் வழியா போறதுல அவ்வளவு மாத்தம் தெரியாது. சத்தமான மேடைக்குன்னா இதை வாங்காம வேற எதையும் வாங்காதீங்க.

ரெண்டாவது ஃபேஸ் ஸ்விட்ச், சிக்னலைத் தலைகீழா திருப்பிப் போடுறது. நிகழ்ச்சி சத்தத்துல வச்சு ஒரு தடவை இப்படி ஒரு தடவை அப்படி போட்டு, எதுல அடி சத்தம் கம்மியா குமுறுதோ அதுல விட்டுடுங்க. இதுல சரி தப்புன்னு ஒரு பக்கம் கிடையாது, ஸ்பீக்கர்ல இருந்து நீங்க நிக்கிற தூரம் மாறினா விடையும் மாறும்.

மூணாவது நாட்ச் ஃபில்டர், ஊளையிடுற ஒரு சுரத்தை மட்டும் வெட்டுறது. கிட்டாரைத் தோள்ல மாட்டி, கம்பியை கையால மூடாம விட்டுட்டு, வால்யூமை மெதுவா ஏத்திட்டே போங்க. லேசா ஒரு சுரம் தானா எழும்ப ஆரம்பிக்கும், அங்கேயே நிறுத்துங்க. இப்ப நாட்ச் நாபை கீழ இருந்து மேல மெதுவா திருகினா ஒரு இடத்துல அந்த சுரம் பொட்டுன்னு அடங்கும். அதுதான் இடம். வேகமா திருகினா அந்த இடத்தைத் தாண்டிப் போயிடுவீங்க, நாட்ச் ரொம்ப குறுகலா இருக்கும்.

ஹைபாஸ் ஃபில்டர் இருந்தா தனியா வாசிக்கும்போது 80 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டலாம், தடிச்ச ஈ 82ல தானே ஆரம்பிக்குது. டிராப் டி (ஆறாவது கம்பியை ஈயில இருந்து டிக்கு இறக்கி வாசிக்கிறது) போடுறவங்க அதை 73க்குக் கீழ வைங்க. பேண்ட்ல வாசிச்சா 100, 120 வரைக்கும் தைரியமா வெட்டுங்க, அந்த இடம் பேஸ்காரருக்குச் சொந்தம்.

இவ்வளவும் வாங்கினாலும் ஸ்பீக்கர் முன்னாடி சவுண்ட்ஹோலைக் காட்டிக்கிட்டு நின்னா ஒண்ணும் நடக்காது. கொஞ்சம் திரும்பி நில்லுங்க, பிஏ ஸ்பீக்கருக்குப் பின்னாடி நில்லுங்க.

9. கேபிள், வயர்லெஸ், கரண்ட்

கேபிள் ரெண்டு வாங்குங்க, தங்கமுலாம் கதையெல்லாம் வேணாம், ஜாக் உறுதியா இருக்கணும், கழட்டி சால்டர் பண்ற மாதிரி இருந்தா நல்லது.

வயர்லெஸ் வாங்குறவங்க அகூஸ்டிக்குன்னு இருக்குற மாடலா பாருங்க. பாஸ் கம்பெனி டபிள்யூஎல்-20, டபிள்யூஎல்-20எல்னு ரெண்டு விக்குது, 'எல்' போட்டதுல கேபிள் டோனை நகலெடுக்குற வேலை இல்ல, ஆக்டிவ் பிக்கப்புக்கும் அகூஸ்டிக்குக்கும் அதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டு வைஃபை கூட்டத்துல விட்டு விட்டு வரும், அதனால கேபிள் ஒண்ணு பையில எப்பவும் இருக்கட்டும்.

கரண்ட் விஷயம் விளையாட்டில்ல. ஆம்ப் ஒரு பிளக்லயும் மிக்ஸர் தூரத்துல வேற ஒரு பிளக்லயும் இருந்து, அதுல ஒண்ணுல எர்த் சரியில்லன்னா, கை கம்பியில உதடு மைக்குல பட்ட உடனே ஷாக் அடிக்கும். ரெண்டையும் ஒரே போர்டுல இருந்து எடுக்கப் பாருங்க. ஹம் வருதுன்னு பிளக்கோட எர்த் பின்னை யாராவது உடைக்கச் சொன்னா கேக்கவே கேக்காதீங்க, ஹம்முக்கு டிஐல இருக்குற கிரவுண்ட் லிஃப்ட்தான் மருந்து.

10. வாங்குறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ற முறை

உங்க கிட்டாரையும் உங்க கேபிளையும் எடுத்துட்டுப் போங்க. கடையில தொங்குற விலை கூடின கிட்டார்ல எல்லா ஆம்பும் தேன் மாதிரிதான் இருக்கும், வீட்டுக்கு வந்து உங்க கிட்டாரைச் சொருகினாத்தான் உண்மை தெரியும்.

எல்லா ஈக்யூவையும் நடுவுல வச்சு, ரிவெர்ப்பை முழுசா அணைச்சுட்டு ஆரம்பிங்க. ரிவெர்ப் எந்தக் குறையையும் மூடி மறைச்சிடும். முதல்ல விரல்ல மெதுவா, அப்புறம் நீங்க மேடையில அடிக்கிற அளவுக்கு பலமா, அதுல பிசிறு வருதா, வாத்துச் சத்தம் வருதான்னு கேளுங்க.

அடுத்து கூட வந்தவர்கிட்ட கிட்டாரைக் குடுத்துட்டு நாலஞ்சு மீட்டர் தள்ளிப் போய் கேளுங்க. இதைப் பண்ணாம வாங்குறவங்கதான் அதிகம். கிட்டாரைப் பிடிச்சுட்டு இருக்கும்போது பாடியோட சொந்த சத்தமும் காதுல விழுறதால ஆம்ப் என்ன பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது, மேடைக்குக் கீழ இருக்குறவருக்கு ஆம்ப் மட்டும்தான் கேக்கும்.

பாடுறவரா இருந்தா மைக்கையும் சொருகி ரெண்டையும் ஒண்ணா ஓட்டிப் பாருங்க, தனித்தனியா நல்லா இருந்த ஆம்ப் ரெண்டும் சேரும்போது மூச்சு வாங்கும். வாசிக்காம வால்யூமை மட்டும் ஏத்தி இரைச்சல் எவ்வளவுன்னு கேக்குறதையும் விட்டுடாதீங்க, அமைதியான ரூம்ல அது உறுத்தும்.

11. முதல் மேடையில எதை முதல்ல ஆன் பண்றது

எல்லா வால்யூமும் சைபர்ல இருக்கும்போதே எல்லா கேபிளையும் சொருகிடுங்க. கிட்டார், பெடல், டிஐ, மிக்ஸர், கடைசியா ஸ்பீக்கர், இந்த வரிசையில ஆன் பண்ணுங்க. ஸ்பீக்கரை முதல்ல ஆன் பண்ணிட்டு அப்புறம் கிட்டாரைச் சொருகினா வர்ற "டப்" சத்தம் ட்வீட்டரைக் கெடுக்கும். ஃபேண்டம் ஸ்விட்சை போடும்போதும் அந்த சேனல் மியூட்ல இருக்கட்டும்.

இப்ப கெயின், அதாவது உள்ள வர்ற சிக்னலை மிக்ஸர் எவ்வளவு பலமா எடுக்கணும்னு வைக்கிற நாப். அன்னைக்கு நீங்க அடிக்கப் போற அதிகபட்ச பலத்துல ஸ்ட்ரம் பண்ணி, சிவப்பு லைட் எரியுற வரைக்கும் கெயினை ஏத்தி, எரிஞ்சதும் கொஞ்சம் இறக்குங்க. சவுண்ட்செக்ல கூச்சத்துல மெதுவா வாசிச்சுட்டு, நிகழ்ச்சியில உற்சாகத்துல ரெண்டு மடங்கு அடிக்கிறவங்களாலதான் பாதி நிகழ்ச்சி பிசிறடிக்குது.

கெயினுக்கு அப்புறம் வால்யூம், அதுக்கு அப்புறம் நாட்ச், அப்புறம்தான் ஈக்யூ. ஈக்யூல ஏத்துறதை விட இறக்கிப் பாருங்க, பியஸோவோட மூக்குச் சத்தம் பெரும்பாலும் 1,000ல இருந்து 3,000 ஹெர்ட்ஸுக்குள்ள இருக்கும், அங்க கொஞ்சம் குறைச்சா ட்ரெபிளை ஏத்தாமலே தெளிவு வந்துடும். ரிவெர்ப் கடைசி, காலி ஹால்ல போதும்னு தோணுறதை விட ஒரு துளி கூட வைங்க, ஆள் நிறைஞ்சதும் ஹாலோட சொந்த எதிரொலி கம்மியாயிடும்.

முடிஞ்சதும் ஸ்பீக்கரை முதல்ல ஆஃப் பண்ணுங்க, அப்புறம் மிக்ஸர், டிஐ. கிட்டாரைப் பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி ஜாக்ல இருந்து கேபிளை உருவிடுங்க, பேட்டரி மிச்சமாகும்.